பழி ஓரிடம்

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. நல்லாப் பிரிச்சுப் பார்த்துட்டேன்."

ஒர்க் ஷாப்காரர் இப்படிச் சொல்லி மஞ்சள் பெட்டியை அக்காவின் கையில் கொடுத்ததும், அவள் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்ததும் போன வாரக் கதை. இடது கண்ணுக்கு நிலை ஒழுங்காக நின்றது. வலது கண்ணுக்கு அதே நிலை நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றது.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்கா நிலம் அளக்கும் சர்வேயர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "ஸ்டாண்டையே கட்டிக்கிட்டா" என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதை அவளே முன்னால் சொல்லிச் சிரிப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் நாற்காலியில் உட்காரமாட்டாள். அதனால் "நேர்கோடு" என்று பட்டப்பெயர். அவள் மூன்று கால் ஸ்டாண்டில் பூட்டிய அளவு மெஷினில் பார்க்க, எதிர்ப்பக்கம் கண்ணாடி வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கூடப்பிறந்த தம்பி. மாடியில் அக்கா. கீழ்வீட்டில் தம்பியும், திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவன் மனைவியும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஈரப்புல்லில் ஸ்டாண்டின் கால் வழுக்கியது. தம்பி பாய்ந்து மெஷினைப் பிடித்துவிட்டான். தரையில் படவே இல்லை, அவன் முழங்காலில்தான் இடித்தது. ஆனால் அதற்கப்புறம்தான் மெஷினுக்குள் தெரிகிற மெல்லிய கறுப்புக் கோடு அக்காவுக்கு வளைந்து தெரிய ஆரம்பித்தது. கூலியாட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் கேட்ட கேள்வி நம் காதிலும் விழுந்தது. "ஒரு ஸ்டாண்டைப் பிடிக்கத் தெரியாதவன் எதுக்குடா இந்த வேலைக்கு வந்தே?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். ஆடத் தெரிந்தவளே அப்படிச் சொன்னால் கூடத்தைத்தானே எல்லோரும் சந்தேகப்படுவார்கள்? தம்பியும் சந்தேகப்பட்டான். கூடத்தையும், அதை இடித்த தன் முழங்காலையும்.

இனி இன்று.

அக்கா மாடிப்படி இறங்கி வரும்போது கீழே தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. சாதாரணமாக அவள் காலடிச் சத்தம் கேட்டதும் தையல் நின்று "அண்ணி, டீ எடுத்துக்குங்க" என்று குரல் வரும். ஒரு மாதமாகக் குரல் இல்லை. டீ மட்டும் மேசையில் மூடி வைத்திருக்கும். இன்றும் இருந்தது. கோபத்திலும் டீக்குச் சர்க்கரை குறையாத வீடு அது.

தம்பி வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

"குடோன்ல இருந்து நேத்து மறுபடி கூப்பிட்டாங்க."

"எந்தக் குடோன்?"

"சொன்னேனே, டயர் கம்பெனி. ஸ்டாக் பார்த்துக்கிற வேலை. திங்கட்கிழமையே வரச் சொல்றாங்க. தங்கறதுக்கு இடமும் அவங்களே தர்றாங்களாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

அக்கா டீயைக் கையில் எடுத்தாள். குடிக்கத் தோன்றவில்லை.

"நீ குடோனுக்குள்ள உக்காருவியா? மழை பெஞ்சாலே உனக்கு வீட்டுக்குள்ள கால் தரிக்காதே."

"பழகிக்கலாம். இங்க இருந்து இன்னொரு மெஷினை உடைக்கறதுக்கு அது மேல்."

தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

சொல்லிவிடு என்று அக்காவின் மனசு சொன்னது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே மனசுக்குத் தெரியும். கண் கெட்ட சர்வேயரை யார் வெளியே அனுப்புவார்கள்? வரைபட அறைக்கு அனுப்புவார்கள். கால் ஒடிந்த வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பகலிலும் எரிகிற ட்யூப் லைட், திறக்க முடியாதபடி பெயின்ட் ஒட்டிக்கொண்ட ஜன்னல். அதன் வழியே தெரிந்த தண்ணீர் டேங்கின் உயரத்தை மனசுக்குள் அளந்து அளந்து அந்த வருஷத்தை ஓட்டினாள். இன்னொரு தடவை அங்கே போனால் டேங்கையும் அளக்கத் தோன்றாது என்று அவளுக்குப் பயம்.

"சாயங்காலம் பேசிக்கலாம்" என்றாள்.

தம்பி தலையை ஆட்டிவிட்டுத் தன் பைக்கை எடுத்தான். முன்பெல்லாம் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மெஷின் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவான். அன்றைக்கப்புறம் அவன் பெட்டியைத் தொடுவதில்லை. அக்கா அதைக் காலுக்கு நடுவில் வைத்து ஓட்டினாள்.

*

ஆற்றின் குறுக்கே நடைபாலம் வரப்போகிறது. இந்தக் கரையில் ஒரு தூண், அந்தக் கரையில் ஒரு தூண். எங்கே தோண்ட வேண்டும் என்று அக்கா முளை அடித்துக் காட்ட வேண்டும். மறுநாள் காலையில் தோண்டும் இயந்திரம் வருகிறது.

பாலத்து இன்ஜினியர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

"வாங்க மேடம். நீங்க வந்துட்டீங்கன்னா எனக்குக் கவலை விட்டுது. நீங்க வச்ச முளைன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுத் தோண்டுவேன்."

"கண்ணைத் திறந்துகிட்டே தோண்டுங்க சார்" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தம்பி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அவன் அந்தக் கரைக்குப் போக வேண்டும். பாலம் இல்லாததால்தானே பாலம் கட்டுகிறார்கள். பழைய அணை வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பைக்கைக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தவன் மெல்லக் கேட்டான்.

"ஒர்க் ஷாப்ல என்னதான் சொன்னாங்க? நீ ஒண்ணும் சொல்லவே இல்லையே."

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. அக்கா சுலபமானதை எடுத்தாள்.

"சரி பண்ணிக் கொடுத்துட்டாங்க."

"நிஜமாவா? கோடு நேராயிடுச்சா?"

"ம்."

ஒரு மாதத்துக்கப்புறம் தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பெரிதாக மூச்சு விட்டான். "அப்பாடா. ராத்திரி தூக்கம் இல்லக்கா எனக்கு. உன்னோட மெஷினை நானே கெடுத்துட்டேனேன்னு." அவன் பைக்கை உதைத்துப் போனான். போகும்போது ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தான். அவன் கெடுக்காத மெஷினை யாரோ சரிசெய்ததற்காக அவ்வளவு சந்தோஷம். அக்காவுக்கு ஆற்று மணலில் புதைந்துவிடலாம் போலிருந்தது. கேவலமான வேலை செய்துவிட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவன் போய்ச் சேருவதற்குள் ஸ்டாண்டை ஊன்றினாள். ஒவ்வொரு காலையும் மிதித்து மண்ணில் இறக்கினாள். மேலே மெஷினைப் பூட்டி, மட்டம் காட்டும் நீர்க்குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தாள். கை தானாக வேலை செய்தது. கைக்கு எந்தக் கவலையும் கிடையாது.

வெளியில் நின்று வேலை பார்ப்பதில் அவளுக்கு இருந்த ருசியைச் சொல்லி மாளாது. வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீரிலிருந்து வருகிற ஈர வாசனை, நாணல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், பூட்ஸுக்குள் புகுந்து உறுத்துகிற ஒரு சின்னக் கல். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனுஷி ஆற்றங்கரையில் நின்று காற்று வாங்கலாம் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ என்று தம்பியிடம் அடிக்கடி சொல்லுவாள். அவனும் சும்மா நிற்கமாட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வாக்கி டாக்கியில் நேர்முக வர்ணனை நடத்துவான். "அக்கா, மூணு கொக்கு. ஒண்ணு உன்னை மாதிரியே ஒத்தக்கால்ல நின்னு யோசிக்குது." "அக்கா, ஒரு ஆமை ரோட்டைக் கடக்குது, நீ அவசரப்படாதே, நாங்க ரெண்டு பேரும் மெதுவாத்தான் வருவோம்."

ஒரு மாதமாகக் கொக்கும் இல்லை, ஆமையும் இல்லை. "ரெடி." "வச்சாச்சு." அவ்வளவுதான்.

இன்று வாக்கி டாக்கி கரகரத்தபோது குரலில் கொஞ்சம் ஈரம் திரும்பியிருந்தது.

"வந்துட்டேன்கா. இங்க போன் சிக்னல்கூட நல்லாக் கிடைக்குது. ஒரு போன் பேசிட்டுக் கம்பை வைக்கிறேன், சரியா?"

"பேசு."

யாரிடம் பேசப்போகிறான் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது வேறு கவலை. தலையைக் குனிந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணை மெஷினில் வைத்தாள்.

முப்பது வருஷமாகச் சும்மா மூடியே இருந்த கண் அது. திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டால் என்ன செய்யும்? தண்ணீர் விட்டது. இமை துடித்தது. ஆனால் கோடு நேராக நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. தனக்குள் எங்கேயோ ஒரு சின்ன நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, மெஷினிலும் கொஞ்சம் கோளாறு இருக்கும் என்று. இல்லை. மெஷின் சுத்தம்.

இந்தக் கரை முளையை மெதுவாக, இரண்டு மூன்று தடவை சரிபார்த்து அடித்தாள். அதற்கே மதியம் ஆகிவிட்டது.

*

சாப்பாட்டு வேளைக்கு ஆற்று மேட்டில் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே தம்பி மனைவி. ஒரு கையில் அடுக்கு டிபன் கேரியர்.

"அவர் டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டார். உங்களோடதை மேசையில வச்சுட்டு வந்துட்டீங்க" என்றாள். "சண்டைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்ல பாருங்க."

"இதுக்காகவா பஸ் ஏறி வந்தே?"

"இதுக்காகவும்தான்."

இருவரும் நாணலின் நிழலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி கேரியரைப் பிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். துணியை வெட்டுகிற மாதிரிதான் அவள் பேசுவாள், முதலில் அளந்துவிட்டு அப்புறம் ஒரே இழுப்பு.

"அண்ணி, நாங்க போறதைத் தடுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் நின்னுடுவார். அதனால சொல்லாதீங்க. தூக்கத்துல எழுந்து உக்கார்றார். ஸ்டாண்டு விழுதுன்னு கையை நீட்டுறார். அந்த மனுஷனை நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா உங்களுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம். அந்தப் போட்டோவை எதுக்குச் சாய்க்கணும்?"

"எந்தப் போட்டோ?"

"எங்க கல்யாணப் போட்டோ. நான் தினம் நேரா வைக்கிறேன், நீங்க தினம் வந்து சாய்ச்சுட்டுப் போறீங்க. முந்தாநாள் என் கண்ணெதிர்லயே செஞ்சீங்க. ஊருல இருக்கிற கோணலை எல்லாம் நிமிர்த்தறவங்க நீங்க. வேணும்னு செய்யாம பின்ன எப்படி?"

அக்கா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அந்தப் படம் கோணலாகத் தொங்குவதைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு ஒரு படத்தை ஒழுங்காக மாட்டத் தெரியவில்லையே என்று அவள் தினமும் அலுத்துக்கொண்டு, தினமும் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்ணில்தான் கோளாறு என்று தெரிந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. மாடியில் தன் அறைப் படங்கள்? ஆபீசில் இருக்கிற வரைபடங்கள்? போன வாரம் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் அவள் எழுந்து போய்த் தொட்ட காலண்டர்? ஒரு மாதமாக ஊரிலிருக்கிற நேரை எல்லாம் கோணலாக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"வேணும்னு செய்யலம்மா" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

"சரி, விடுங்க. போற நேரத்துல எதுக்கு." தம்பி மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சாப்பிடுங்க. அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். உங்க வேலையைக் கெடுக்க மாட்டேன்."

*

வெயில் சாய ஆரம்பித்தபோது எதிர்க்கரை முளையின் முறை வந்தது.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றாள் அக்கா வாக்கி டாக்கியில். "இன்னும் கொஞ்சம். வந்துட்டே. போதும். குமிழ் பார்த்துக்கோ."

"குமிழ் நடுவுல. அடிக்கட்டுமா?"

"அடி."

சுத்தியல் இறங்குவது முதலில் கண்ணுக்குத் தெரிந்து, சத்தம் அப்புறம் தண்ணீரைத் தாண்டி வந்தது. சரிபார்ப்பதற்காக மெஷினின் முகத்தைத் தலைகீழாகத் திருப்பி, சுற்றி மறுபடி பார்த்தாள். சர்வேயர்கள் எல்லோரும் இப்படி இரண்டு முகத்திலும் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு வித்தியாசம்.

"தம்பி, அதைப் பிடுங்கிடு. மறுபடி வைப்போம்."

மறுபடி வைத்தார்கள். மறுபடி விரல் அகலம். இந்தத் தடவை அக்காவுக்குக் காரணம் பிடிபட்டது. முதல் முகத்தில் கவனமாக இடது கண்ணை வைக்கிறாள். மெஷினைச் சுற்றிவிட்டுக் குனியும்போது, முப்பது வருஷப் பழக்கத்தில் தலை தானாகச் சாய்ந்து வலது கண் போய் உட்கார்ந்துகொள்கிறது. தன் தலையையே தன்னால் நம்ப முடியவில்லை என்பது அவளை உலுக்கிவிட்டது.

மூன்றாவது முளையையும் பிடுங்கச் சொன்னபோது எதிர்க்கரையில் அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். பிறகு வாக்கி டாக்கி கரகரத்தது.

"அக்கா."

"சொல்லு."

"மெஷின் இன்னும் சரியாகலை இல்ல?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான்.

"எனக்குத் தெரியும். நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டே. நீ அப்படித்தான். நாளைக்குத் தோண்டுற வண்டி வந்து தப்பான இடத்துல தோண்டினா உன் பேருதான் கெடும். அன்னிக்கு நான் ஸ்டாண்டை ஒழுங்கா ஊன்றியிருந்தா இதெல்லாம் வந்திருக்காது. மன்னிச்சுடுக்கா."

அக்கா குனிந்து இடது கண்ணை மெஷினில் வைத்தாள். தூரத்தில் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தவன் மெஷினுக்குள் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் போல வந்து நின்றான். நெற்றியில் வியர்வை. வாக்கி டாக்கியை வாயருகில் வைத்துக்கொண்டு, அவள் பதிலுக்காகக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கப் போகும்போது அவன் செய்கிற காரியம் அது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறவனின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் சொல்ல முடியாது. நடுவில் ஒரு ஆறு இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லடா. எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. நீ அன்னிக்கு அதைக் காப்பாத்திட்டே."

அவன் புருவம் சுருங்கியது.

"என் கண்ணுதான் போயிட்டிருக்கு. வலது கண்ணு. நேரா இருக்கிறதெல்லாம் வளைஞ்சு தெரியுது. ஒர்க் ஷாப்காரர் மெஷின் சுத்தமா இருக்குன்னு சொன்னார். அப்புறம் வீட்டுல ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்த்தேன். தெரிஞ்சுடுச்சு."

பாறையிலிருந்து தம்பி மனைவி எழுந்து நின்றாள். குடை அவள் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

மெஷினுக்குள் தம்பியின் முகம் கொஞ்ச நேரம் எதுவும் காட்டவில்லை. பிறகு அதில் நிம்மதி வந்தது. அது வந்ததை அக்கா கண்ணால் பார்த்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான், வாய் கோணிச் சிரிக்கக்கூடப் பார்த்தது. அப்புறம் அந்த நிம்மதி போய்விட்டது. அது போனதையும் அவள் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றான்.

"போன வியாழக்கிழமை."

"போன வியாழக்கிழமையா?"

"பயந்துட்டேன்டா. உள்ள உக்கார வச்சுடுவாங்கன்னு."

"அதுக்காக என்னை உள்ள அனுப்பப் பார்த்தியா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"காலையில நான் கேட்டேன் இல்ல? அந்தக் கரையில நின்னு, உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். சரி பண்ணிக் கொடுத்துட்டாங்கன்னு சொன்னியே அக்கா."

"தப்புதான்."

"சரியான மெஷினை உன் கையில விட்டுட்டுப் போறோம், இனி நிம்மதியாப் போகலாம்னு நினைச்சேன். வந்ததும் குடோனுக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டேன்."

"சாயங்காலம்தானே பதில்..."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நான் சொன்ன சொல்லை மாத்தறவன் இல்லன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அந்தக் குணத்தை அவனுக்கு ஊட்டி வளர்த்ததே அவள்தான். அவள் "தம்பி" என்று ஆரம்பிப்பதற்குள் அவன் கை வாக்கி டாக்கியின் தலைக்குப் போனது. ஸ்விட்சைத் திருகி அணைத்தான். இந்தக் கரையில் கரகரப்பு நின்று, ஆற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அக்கா மெஷினை விட்டு நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது உழைத்துக் களைத்த கண்ணின் தண்ணீரா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தம்பியைத் தன் கையாலேயே தள்ளிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

தம்பி மனைவி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். திட்டத்தான் வந்தாள். அக்காவின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அப்போ அந்தப் போட்டோ..."

"எனக்கு அப்பத்தான்மா நேராத் தெரிஞ்சுது."

தம்பி மனைவி இன்னும் கிட்டே வந்தாள். பிறகு புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டி அக்காவின் கண்ணைத் துடைத்தாள். துடைத்ததில் பிரியத்தைவிடக் கோபம்தான் அதிகம். அழுத்தித் துடைத்தாள்.

"ஒரு வாரமா டாக்டர்கிட்டகூடப் போகலையா?"

"டாக்டர் வீட்டு வரவேற்பறை வரைக்கும் போனேன். அவரைப் பார்க்காமலே வந்துட்டேன்."

"உங்களுக்குப் படிப்பு மட்டும்தான் இருக்கு, அண்ணி." அவள் தன் போனை எடுத்து அடித்தாள். எதிர்க்கரையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். "அவர் அங்க என்ன பண்றார்? இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலையே. வெறும் புள்ளியாத் தெரியுது."

"எனக்கும் தெரியல. கண்ணுல தண்ணி நிக்கல." அக்கா மெஷினிலிருந்து ஒரு அடி விலகினாள். அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவருக்காக அந்த இடத்தை விட்டு அவள் விலகியதில்லை. "நீ பாரும்மா. உனக்கு எந்தக் கண்ணு வசதியோ அந்தக் கண்ணை வை."

தம்பி மனைவி குனிந்தாள். முதலில் அவளுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது, பிறகு நாணல். அக்கா அவள் விரலைப் பிடித்துத் திருகு எங்கே இருக்கிறது என்று காட்டினாள். மெதுவாகத் திருப்பினாள்.

"நடுவுல ஒரு கோடு தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு அண்ணி."

"கம்பு நிக்குதா?"

"நிக்குது. ரெண்டு கால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கார். அதுவும் நேரா இருக்கு."

"அவன்?"

தம்பி மனைவி இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினாள், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரைக் காணோம்" என்றாள். "பைக்கையும் காணோம்."